நான் மெழுகு போட்ட தரை

உங்களில் யார் வீட்டிலாவது இன்னும் மொசைக் தரை இருக்கிறதா? நம் வயதுக்காரர்களிடம்தான் இதைக் கேட்க முடியும். இப்போதுள்ளவர்களிடம் மொசைக் என்றால் டைல்ஸா என்று கேட்கிறார்கள். வெள்ளை சிமெண்டில் கறுப்பும் பச்சையுமாகக் கல் சில்லுகளைக் கலந்து தளம் போட்டு, அது இறுகியபின் மெஷின் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, உள்ளே ஒளிந்திருக்கும் சில்லுகளின் முகத்தை வெளியே கொண்டுவருவார்களே, அந்தத் தரை. நீங்களும் நானும் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிய தரை.

திருவேற்காட்டில் என் மகனோடு நான் இருக்கும் அடுக்குமாடியில், போன மாதம் மேல்வீட்டுக்காரர்கள் தங்கள் கூடத்து மரத்தரையை இழைத்துப் புதுசாக்கினார்கள். மூன்று நாள் அந்த மெஷின் என் தலைக்கு மேலே இரைந்துகொண்டிருந்தது. எங்கள் மாடியில் எல்லோரும் அசோசியேஷனுக்குப் புகார் எழுதினார்கள். எதிர்வீட்டு அம்மாள் என்னிடமும் கையெழுத்து கேட்டார். நான் போடவில்லை. தரை தேய்க்கிற ஒருவனைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஆறாவது பரீட்சை எழுதி முடித்த கோடை அது. எங்கள் வீடு அம்பத்தூரில், மேனாம்பேட்டில். அப்பா அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அவருடைய அப்பா பூந்தமல்லிப் பக்கம் அடுத்தவர் வயலில் சேறு மிதித்தவர். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக ஒரு கூரைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் படுத்த முதல் ஆள் அப்பாதான். அதனால் அவருக்குச் சுவரைப் பற்றிக் கவலை இல்லை, ஜன்னலைப் பற்றிக் கவலை இல்லை. தரை மட்டும்தான். கூடத்தில் யாராவது ஈரக்காலோடு நடந்தால் அவர் முகம் மாறிவிடும். விருந்தாளி வந்தால் முதலில் உட்காரச் சொல்லமாட்டார். "பாத்து வாங்க, புதுத் தரை" என்பார். வீடு கட்டி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஆறு வருஷத்தில் தரை மங்கிப்போயிருந்தது. ஸ்டவ் வைத்த இடத்தில் மண்ணெண்ணெய்க் கறை. ஊஞ்சலுக்குக் கீழே எங்கள் கால் பட்டுப் பட்டு ஒரு சாம்பல் நிறப் பள்ளம். அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் பெரம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. டெலிபோன் ஆபீசில் வேலை. போட்டோ அனுப்பியிருந்தார்கள். அக்கா அதைத் தன் டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் அந்தப் புத்தகத்தைத் திறந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு டைப்ரைட்டிங்கில் அவ்வளவு அக்கறை கிடையாது.

பெண் பார்க்க இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா அன்றைக்கே போய்த் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பாலிஷ்காரரைக் கூட்டிவந்துவிட்டார்.

நாற்பதைத் தாண்டிய மனிதர். காக்கி அரை டவுசர். கணுக்கால்வரை நிரந்தரமாக வெள்ளை பூத்திருக்கும். மெஷினோடே வாழ்ந்ததில் காது பாதி போய்விட்டது. அதனால் பக்கத்தில் நிற்பவரிடமும் தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி கத்தித்தான் பேசுவார். தெரியாதவர்கள் சண்டை போடுகிறார் என்று நினைப்பார்கள். கூடவே அவர் மனைவி. மெஷின் எட்டாத மூலைகளையும் சுவரோரங்களையும் கைக்கல்லால் தேய்ப்பது அவர் வேலை.

மெஷின் அவர்கள் சொந்தம். அதைச் சொல்லும்போது இரண்டு பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். பத்துப் பன்னிரண்டு வருஷம் வேறொருவர் மெஷினைக் கூலிக்கு ஓட்டிவிட்டு, போன தைக்குத்தான் இதை வாங்கினார்களாம். தினமும் ஆரம்பிக்கும் முன் மோட்டாருக்கு ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். சாயங்காலம் வேலை முடிந்ததும் முதலில் மெஷினைக் கழுவித் துடைத்துச் சாக்கு போர்த்திவிட்டுத்தான் தன் கால்களைக் கழுவுவார்.

எங்கள் சாமான்கள் எல்லாம் கொல்லைக்குப் போயின. பீரோவை நகர்த்தியபோது அதன் அடியிலிருந்து ஆறு வருஷத்துக் காணாமற்போனவை வெளியே வந்தன. என் பல்லாங்குழிச் சோழி மூன்று, அக்காவின் கொலுசுத் திருகாணி, அப்பாவின் ஒற்றைச் சட்டைப் பித்தான், காய்ந்து சருகான ஒரு பல்லி. அந்தம்மா எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு டப்பா மூடியில் வைத்து, பல்லியை மட்டும் எறிந்துவிட்டு, அம்மாவிடம் கொடுத்தார். "எண்ணிப் பாத்துக்கோங்க அக்கா" என்றார். சட்டைப் பித்தானை எண்ணிப் பார்க்கச் சொல்கிற அளவுக்கு மற்ற வீடுகளில் என்ன பழியெல்லாம் பட்டிருப்பார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

மெஷினில் மாட்டும் முதல் கல் சொரசொரப்பானது. அது ஓடும்போது வீடே அதிரும். கூடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்கத் தரையிலிருந்து சாம்பல் நிறத்தில் பால் கிளம்பும். அந்தப் பாலின் வாசனை எனக்கு இப்போதும் தெரியும். மழை விழுந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி, கொஞ்சம் இரும்பும் கலந்த மாதிரி. இரண்டாவது கல் ஓடும்போது சத்தம் இறங்கும். மூன்றாவது கல்லுக்குச் சத்தமே வேறு. ஏதோ பெரிய மிருகம் தூங்குகிற மாதிரி இருக்கும். நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அந்தம்மாவிடம் கைக்கல்லைக் கேட்டு வாங்கி ஒரு மூலையைத் தேய்த்தேன். ஒரு முழ அகலம்கூட முடியவில்லை, விரல் நுனிகள் எரிந்தன.

"கல்லு தேயறதுக்கு முன்னாடி கை தேஞ்சிரும், குடு பாப்பா" என்று சிரித்து வாங்கிக்கொண்டார். அவர் விரல்களைப் பார்த்தேன். நுனியில் ரேகையே இல்லை. வழவழவென்று, எங்கள் தரை மாதிரியே இருந்தன.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. வெள்ளைப் பவுடர் தூவி, சாக்கால் தேய்த்து, கழுவி, துடைத்துக் காட்டினார்கள். ஜன்னல் கம்பிகள் தரையில் தெரிந்தன. அப்பா ஷிப்டு முடிந்து வந்து வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வராமல் வெகுநேரம் நின்றார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மெஷினை ஏற்றிப்போக வண்டி கிடைக்கவில்லை. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று கொல்லையில் சாக்கு போர்த்தி வைத்தார்கள். கிளம்பும்போது பாலிஷ்காரர் என்னைக் கூப்பிட்டார். அம்மா கொல்லையில் பாத்திரங்களை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா குளிக்கப் போயிருந்தார்.

"பாப்பா! அம்மாகிட்ட சொல்லிடு. இதுமேல எண்ணெ, மெழுகு, எதுவும் தடவக் கூடாது. இப்பவே கண்ணாடியாட்டம் கீது. தடவுனா வழுக்கிடும். இன்னா, புரிஞ்சிதா?"

தெருக்கோடிவரை கேட்டிருக்கும். புரிந்தது என்று தலையாட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. எனக்கு அப்போதே ஒரு யோசனை வந்துவிட்டிருந்தது.

எங்கள் கடைத்தெருவில் ஒரு டாக்டர் வீடு இருந்தது. காய்ச்சலுக்குப் போனபோது அந்த வீட்டு வேலையாள் தரைக்கு மெழுகு போட்டுத் துணியால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா புதுச் சேலையை மடி மேல் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள். "ஏய், நான் காபித் தட்ட எடுத்துகினு நடந்து வரும்போது என் பொடவை தரையில தெரியுமா?"

உள்கூடத்தில் தெரிந்தது. வாசற்படியை ஒட்டிய பகுதியில் அவ்வளவாகத் தெரியவில்லை. அது அந்தம்மா கையால் தேய்த்த இடம். அக்கா சும்மாதான் கேட்டாள். ஆனால் எனக்கு அது ஒரு வேண்டுதல் மாதிரி விழுந்தது.

மத்தியானம் எல்லோரும் குளிப்பதிலும் உடுத்துவதிலும் இருந்தார்கள். கரண்டு போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவத்தியை பிளேடால் சீவி, தாளிக்கிற கரண்டியில் தேங்காய் எண்ணெயோடு போட்டு அடுப்பில் உருக்கினேன். என் பழைய உள்பாவாடையில் தோய்த்து வாசற்படியிலிருந்து உள்ளே இரண்டு எட்டு தூரம் நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. என் முகம் தெரிந்தது, பல் தெரிந்தது. காலை வைத்துச் சறுக்கிப் பார்த்தேன். சுகமாக வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு மூன்று தடவை சறுக்கினேன். அப்போது பாலிஷ்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்தும் நான் அதைத் துடைக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நினைவுக்கு வந்தது, துடைக்கவில்லை.

நாலு மணிக்கு வாடகைக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கினார். கனத்த உடம்பு, மாம்பழ நிறப் பட்டு, கை நிறையக் கண்ணாடி வளையல். அம்மா குங்குமத் தட்டோடு நின்றாள். அப்பா வழக்கம்போல் "பாத்து வாங்க, புதுத் தரை" என்றார். அந்த அம்மாள் சிரித்தபடி வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

கால் அவர் வைத்த இடத்தில் நிற்கவில்லை. கையை ஊன்றி விழுந்தார். முதலில் வளையல்கள் உடைந்த சத்தம். அதற்கடியில் இன்னொரு சத்தம், முருங்கைக் குச்சி முறிகிற மாதிரி. மணிக்கட்டு முறிந்திருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மாப்பிள்ளை தன் அம்மாவைத் தூக்கியது. போட்டோவில் இருந்ததைவிட ஒல்லியாக இருந்தார். அவர்களோடு வந்த பெரியவர் ஒருவர், "வாசல்லயே இப்டியா? நமக்கு இது வேணாம், கெளம்புங்க" என்றது. காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற அக்கா, யாரும் தன்னைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்து மெல்லத் திரும்பி உள்ளே போனது. கார் போய்விட்டது.

அப்பா குந்தி உட்கார்ந்து தரையைத் தடவினார். விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். "எண்ணெ" என்றார். பிறகு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். "யாராச்சும் இங்க எண்ணெ கொட்னீங்களா?"

அம்மா இல்லை என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்போ அந்தப் பாலிஷ்காரன்தான். கல்லு ஒழுங்கா ஓட்டாம எண்ணெயத் தடவிப் பளபளப்புக் காட்டிட்டுப் போயிருக்கான்" என்றார் அப்பா.

அது எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா? நான் யோசித்துக் கட்டியிருந்தால்கூட அப்படியொரு பொய் அமைந்திருக்காது. அப்பாவே எனக்காக அதைக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியும் மெஷினை எடுக்க வந்தார்கள். அப்பா வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். அவர் கத்தினார். பாலிஷ்காரருக்குப் பாதிதான் கேட்டது. "இன்னா சார்? இன்னா ஆச்சி சார்?" என்று அவரும் தன் வழக்கமான குரலில் கேட்டார். அது எதிர்த்துக் கத்துவது மாதிரி இருந்தது. தெரு கூடிவிட்டது. அப்பா அவரைக் கன்னத்தில் அறைந்தார். காது கொஞ்சமாவது கேட்கும் பக்கம்.

அந்தம்மா ஓடிவந்து நடுவில் நிற்கவில்லை, அழவும் இல்லை. வாசற்படியில் குனிந்து தரையை நகத்தால் சுரண்டி, சுருண்டு வந்ததை எடுத்துப் பார்த்தார். "அண்ணா, இது மெழுகு. நாங்க மெழுகே எடுத்தாரல. மெழுகு வேணாம்னு சொல்ட்டுதான போனோம்" என்றார்.

"யாருகிட்ட சொன்ன?"

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் இருந்தேன். அவர் பார்த்தது ஒரு விநாடிதான். அவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். சொல்லியிருக்கமாட்டேன்.

"எம் பொண்ணு வாழ்க்க போச்சி. பெரம்பூர்க்காரங்க திரும்ப இந்த ஊட்டுக்கு வந்து பொண்ணு கேக்கட்டும். அன்னிக்கு வந்து உம் மெஷின எடுத்துகினு போ" என்றார் அப்பா. கொல்லையில் தண்ணீர்க் குழாயோடு சேர்த்து மெஷினுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாலிஷ்காரர் வந்தார். காலை ஒன்பது மணி வாக்கில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். கூப்பிடமாட்டார். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அவர் போய்விடுவார். பெரம்பூர்க்காரர்கள் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கை எலும்பு கூடிவிட்டது என்றும், பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்றும் தரகர் வந்து சொன்னார். அக்கா டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவள் என்னிடம் கேட்டாள். "அந்தப் பாலிஷ்காரரு பாவம் இல்ல? இப்ப ரெண்டு பேரும் கையாலயே தேய்க்கிறாங்களாம். பால்காரரு சொன்னாரு." என் கையிலிருந்த துணிக்கிளிப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குத் தெரியும். அப்பா அவரை அறைந்த அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. தாளிக்கிற கரண்டியின் அடியில் கறுத்த மெழுகு பிடித்திருந்தது. அவள் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், பிறகு தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள், பிறகு அந்த நல்ல கரண்டியைக் குப்பைக்குழியில் போட்டு மேலே மண் தள்ளினாள். இரண்டு மாதம் கழித்து நான்தான் அவளிடம் போனேன்.

"அம்மா, அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

"இன்னாத்த சொல்லப் போற?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு தெருவே பாக்க ஒருத்தன கை நீட்டி அடிச்சிட்டாரு. இப்ப போயி தப்பு நம்ம ஊட்டோடதுன்னு சொன்னா, அவரு மூஞ்சிய எங்க வெச்சிப்பாரு? வாய மூடிகினு இரு."

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் காப்பாற்ற நினைத்தது அப்பாவை. நான் காப்பாற்ற நினைத்தது என்னை மட்டும்தான். அவள் வாயை மூடு என்றதும் எனக்கு வந்தது துக்கமில்லை, நிம்மதி.

மழைக்காலம் வந்தது. சாக்கு நனைந்து மெஷினோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் யாருக்கும் தெரியாமல் கொல்லைக்குப் போய் அதைத் துணியால் துடைப்பேன். துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். குங்குமப் பொட்டு இருந்த இடம் வெறும் செம்மண் நிறமாகிவிட்டது. எண்ணெய் தடவினாலும் துரு நிற்கவில்லை. ஒரு சக்கரத்தின் உள்ளே தவளை குடியிருந்தது.

கார்த்திகைக்குப் பிறகு அக்காவுக்கு ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேறு வரன் வந்து முடிவாயிற்று. அப்போதுதான் அம்மா அப்பாவிடம் பேசினாள். "நல்ல காரியம் நடக்கப் போவுது. அடுத்தவன் வயித்தெரிச்சல் கொல்லையில எதுக்கு? குடுத்து அனுப்பிடுங்க." அப்பா சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பாலிஷ்காரர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வந்தார். மனைவியும் வந்தார். சாக்கை உரித்தார்கள். அவர் குனிந்து கல் மாட்டுகிற தட்டைக் கையால் சுழற்றப் பார்த்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. மோட்டாரில் பொட்டு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

அம்மாவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "சின்னவதான் அவங்க அப்பாகிட்ட அழுது அழுது சாவிய வாங்கிக் குடுத்தா" என்றாள்.

"இன்னாம்மா?" என்று அவர் காதைத் திருப்பினார்.

அம்மா இன்னும் உரக்க, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "எங்க சின்னப் பொண்ணுதான்! அழுது வாங்கிக் குடுத்தா!"

அவர் என் பக்கம் திரும்பினார். பதினோரு வயதுப் பெண்ணைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். "நல்லா இருக்கணும் தாயி. உன்ன மறக்கமாட்டேன்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அந்தம்மா கை கூப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நேரமாவுது, வா" என்று வண்டியின் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார்.

எங்கள் வீட்டில் அதற்குப்பின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குக் கல்யாணமாயிற்று, வேலை, பிள்ளைகள். அக்கா ராணிப்பேட்டையில் நன்றாகவே இருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பாவுக்கு எண்பதை நெருங்கும்போது, ஒரு பகல் வேளையில், அதே கூடத்தில் அவருக்குச் சோறு பரிமாறிக்கொண்டே சொல்லிவிட்டேன். மெழுகு தடவியது நான்தான் என்று. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"தெரியும்."

"எப்டிப்பா?"

"தூக்கத்துல உளறுன. மூணு நாளு. நான்தான் தடவுனேன், நான்தான் தடவுனேன்னு."

"அந்த வாரமேவா?"

"அந்த வாரந்தான்."

"அப்புறம் ஏன்பா மெஷின…"

"அடிச்சிட்டேனே" என்றார். "அடிச்சப்பறம் எப்டிக் குடுக்குறது?"

தட்டில் மோர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். கை கழுவிவிட்டு வந்து, "ஒருநாளு அந்தப் பாலிஷ்காரரப் போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார். அவர் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. எனக்குச் சட்டென்று பயமாகிவிட்டது. "வெயில் ரொம்பக் கீதுப்பா. வெயில் தணியட்டும்" என்றேன்.

வெயில் தணிந்தது. அடுத்த வருஷம் மறுபடி வந்தது, மறுபடி தணிந்தது. அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். ரயிலில் ஐந்து நிமிஷம். அப்பா ஒரு தடவை கேட்டதோடு சரி. நானும் பேச்செடுக்கவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பதினோரு வயதில் செய்ததற்காவது ஒரு சாக்கு சொல்லலாம். நாற்பத்தைந்து வயதில் செய்ததற்கு என்ன சொல்வது?

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் திருமுல்லைவாயிலுக்குப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின். அந்த ஊர்க் கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெருக்களில் விசாரித்ததில் ஒரு தேநீர்க் கடைக்காரர் காட்டினார். "மொசைக்குக்காரர் ஊடா? அவரு செத்து எவ்ளோ வருஷமாவுது. அந்தம்மா கீறாங்க."

அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சின்ன வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. இப்போது அவருக்கும் காது கேட்கவில்லை. நான் யாரென்று சொன்னேன். மேனாம்பேடு, லேத்துக்காரர் வீடு, சின்னப் பெண். இரண்டு தடவை சொன்னதும் அவர் கண்கள் என் மேல் நின்றன. அதே பார்வை.

அவர் பேசும் முன் உள்ளேயிருந்து மருமகள் வந்துவிட்டாள். ஐம்பது வயது இருக்கும். "நீங்களா அந்தப் பொண்ணு!" என்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க மாமா சாவுற வரிக்கும் சொல்லிகினே இருப்பாருங்க. அம்பத்தூர்ல ஒரு சின்னப் பொண்ணு அப்பாகிட்ட அழுது எம் மெஷின மீட்டுக் குடுத்துச்சின்னு. அந்த மோட்டார் அப்பறம் ஓடவேயில்ல. ஆனா விக்கமாட்டேன்னுட்டாரு. பசங்களுக்கு உங்களப் பத்திச் சொல்லித்தான் வளத்தாரு. இருங்க, காபி எடுத்தாறேன்!"

அவள் உள்ளே போனாள். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது உறுதியாகத் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. அவர் காத்திருந்தார்.

மருமகள் டம்ளரோடு வந்தாள். நான் எழுந்து நின்றேன். அந்தம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்பதால் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. எதிர் மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"நான் அழல. சாவி வாங்கிக் குடுக்கல. மெழுகு தடவுனதே நான்தான். தடவக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னது என்கிட்டதான். அவரு அடி வாங்குனப்போ நான் அங்கயே நின்னுகினு இருந்தேன்."

மருமகளின் முகம் அணைந்தது. நீட்டிய கையை அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். டம்ளரைத் தருவதா உள்ளே எடுத்துப் போவதா என்று தெரியாமல் மாமியாரைப் பார்த்தாள்.

அந்தம்மா தெருவைப் பார்த்தார். "இத அவருகிட்ட வந்து சொல்லியிருக்கணும் நீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழி தப்பி வந்தவருக்குச் சரியான வீட்டைச் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "குடு. வெயில்ல வந்துகீறா" என்றார்.

வாங்கிக்கொண்டேன். காபி கொதித்தது. ஆற்றாமல் நின்றபடியே குடித்தேன். மருமகள் அங்கேயே நின்று நான் குடித்து முடிக்கும்வரை பார்த்தாள். பிறகு காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.